கம்பெனிக்கு பைப் தண்ணீர், தொழிலாளர்களுக்கு லாரி தண்ணீர்: ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடத்தில் என்ன சிக்கல்?

சென்னை கோயம்பேட்டில் சுத்திகரிக்கப்படும் கழிவுநீர், சுமார் 60 கிலோமீட்டர் நீளக் குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குப் போகிறது. தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் தட்டுப்பாடு வரக்கூடாது, அதே சமயம் சென்னையின் குடிநீரிலும் கை வைக்கக்கூடாது என்பதற்காகப் போடப்பட்ட திட்டம் இது.

ஆனால் அதே தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் தங்கும் பல விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் நிலைமை வேறு. குளிக்க, துவைக்க போர்வெல் அல்லது தண்ணி லாரி. குடிக்க கேன் தண்ணி. கழிவறைக்குப் பின்னால் ஒரு செப்டிக் டேங்க். அது நிரம்பினால் இன்னொரு லாரி.

ஒரே பகுதியில் இந்த இரண்டு நிலைமையும் எப்படி? யார் பொறுப்பு? சரிசெய்ய வழி இருக்கிறதா?

சுருக்கமாக:

• தொழிற்சாலைக்கான தண்ணீரை சிப்காட்டும் சென்னைக் குடிநீர் வாரியமும் திட்டமிடுகின்றன. தொழிலாளர்கள் தங்கும் ஊரின் தண்ணீர் கிராம ஊராட்சியின் பொறுப்பு.

• ஊராட்சியின் கணக்கில் இருப்பது 2011 மக்கள்தொகை. அதன்பிறகு வேலைக்கு வந்து தங்கியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

• செப்டிக் டேங்க் கழிவு முறையாகப் போகாவிட்டால், அது இறுதியில் சேரக்கூடிய இடங்களில் ஒன்று சென்னைக்கே குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி.

கிராமம் எப்படித் தொழில் நகரமானது?

30 ஆண்டுகளுக்கு முன்பு வரை ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர், கோயில் ஊர். 1991 மே 21ல் ராஜீவ் காந்தி படுகொலை நடந்த இடம் என்பதால் நாடு முழுக்கத் தெரிந்த பெயர். தொழில் வரைபடத்தில் அதற்கு இடமில்லை.

1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் ஆலையைத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1998ல் அங்கிருந்து கார்கள் வெளிவந்தன. 2006ல் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. அது 2014ல் மூடப்பட்டாலும், மின்னணுத் தொழில் இங்கேயே தங்கிவிட்டது. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான், சாம்சங். ஒரகடத்தில் 2010ல் ரெனால்ட் - நிசான், 2012ல் டைம்லர் லாரி ஆலை. அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று பட்டியல் நீண்டது. வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று புதிய தொழிற்பேட்டைகளும் வந்தன.

இவ்வளவு தொழிற்சாலைகள் வந்த பகுதியின் மையமான ஸ்ரீபெரும்புதூரின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 25 ஆயிரம் மட்டுமே. நீண்ட காலம் பேரூராட்சியாகவே இருந்த ஊர், 2025ல்தான் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. சுற்றியுள்ள ஊர்களில் பெரும்பாலானவை இன்னும் கிராம ஊராட்சிகள்தான்.

அதாவது, வேலை நகரத்து வேலை. வாடகை நகரத்து வாடகை. நிர்வாகம் மட்டும் கிராமத்து நிர்வாகம். சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தொழிற்சாலைக்குத் தண்ணீர் எப்படி வருகிறது?

இந்தப் பகுதி சென்னையின் குடிநீர் ஆதாரமான செம்பரம்பாக்கம் ஏரிக்கு மிக அருகில் இருக்கிறது. ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 3.6 டி.எம்.சி. 2019 கோடையில் அந்த ஏரியே வறண்டது. சென்னைக்கே தண்ணீர் இல்லாதபோது தொழிற்சாலைக்கு எங்கிருந்து கொடுப்பது?

இதற்கான விடை கழிவுநீரில் கிடைத்தது. கோயம்பேட்டில் வழக்கமான சுத்திகரிப்பு முடிந்த கழிவுநீரை மீண்டும் நுண்வடிகட்டி, பிறகு ஆர்.ஓ முறையில் உப்பை நீக்கி, தொழிற்சாலைக்கு ஏற்ற தரத்துக்குக் கொண்டுவரும் நிலையம் 2019ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் திறன் 45 எம்.எல்.டி. ஒரு எம்.எல்.டி என்றால் நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர். ஆக, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர்.

வடசென்னையில் கொடுங்கையூரிலும் இதே திறனில் ஒரு நிலையம் இருக்கிறது. அது மணலி தொழிற்சாலைகளுக்கானது. மணலியில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலேயே சென்னையின் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. அந்த அனுபவம்தான் பிறகு பெரிய அளவில் விரிந்தது.

இது நல்ல திட்டம். ஏரித் தண்ணீர் மக்களுக்கு மிச்சமாகிறது, கழிவுநீர் கூவத்துக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது. இதே திட்டமிடல் தொழிலாளி தங்கும் தெரு வரை ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

தொழிலாளர்கள் எங்கே தங்குகிறார்கள்?

இங்கு வேலை செய்பவர்களில் ஒரு பகுதியினர் காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் போன்ற ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்தும் வருபவர்கள் இங்கேயே தங்குகிறார்கள். சிலர் நிறுவனமோ ஒப்பந்ததாரரோ ஏற்பாடு செய்யும் விடுதிகளில். மற்றவர்கள் கிராமங்களில் வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வாடகை வீடுகளில்.

விடுதிகளின் நிலைமை நாடு முழுக்கத் தெரியவந்தது 2021 டிசம்பரில். ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நச்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தார்கள். அப்போது அவர்கள் பேசியது சாப்பாட்டைப் பற்றி மட்டும் இல்லை. ஒரே அறையில் பலர் தரையில் படுப்பது, கழிவறையில் தண்ணீர் வராதது பற்றியும் பேசினார்கள். விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சில வாரங்கள் மூடிக் கிடந்த ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது.

அதன்பிறகு அரசே விடுதி கட்ட இறங்கியது. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய 18,720 பேர் தங்கும் குடியிருப்பு வளாகத்தை 2024 ஆகஸ்ட் 17ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 20 ஏக்கரில் 13 கட்டடங்கள், செலவு ரூ.706.50 கோடி.

ஒரு விடுதிக்கு எவ்வளவு தண்ணீர் தேவை?

மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு, விடுதியில் தங்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடச் சொல்கிறது. தொழிற்சாலைக்குள் வேலை செய்பவருக்கு, குளியலறை வசதி தேவைப்படும் இடங்களில், 45 லிட்டர். அதாவது ஒரு தொழிலாளிக்கு வேலை செய்யும் இடத்தில் தேவைப்படுவதைவிட, தங்கும் இடத்தில் மூன்று மடங்கு தண்ணீர் தேவை.

18,720 பேருக்கு 135 லிட்டர் வீதம் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு சுமார் 25 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் கொண்டுவருவதென்றால் தினமும் சுமார் 210 நடை. இவ்வளவு பெரிய வளாகத்தை லாரியை நம்பி நடத்த முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே புரியும்.

பொதுவாகப் பயன்படுத்தும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும். அந்தக் கணக்கில் இந்த ஒரு வளாகத்திலிருந்து மட்டும் தினமும் 20 லட்சம் லிட்டர் கழிவுநீர். 20 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் கட்டப்படும் கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது அதில் வழக்கமான நிபந்தனை. எனவே பெரிய வளாகங்களில் தண்ணீரும் கழிவுநீரும் வரைபடத்திலேயே வந்துவிடுகின்றன.

ஆனால் ஊருக்குள் வீட்டுமனையில் கட்டப்பட்ட மூன்று மாடி வாடகைக் கட்டடம் இந்த விதிக்குள் வராது. 10 அறையில் 40 பேர் தங்கினால் அங்கேயும் தினமும் 5,400 லிட்டர் தேவை. இதுபோன்ற கட்டடங்கள் ஒரு தெருவில் 10 இருந்தால் 54 ஆயிரம் லிட்டர். அதுவும் நாள் முழுக்க சீராகத் தேவைப்படாது. ஷிஃப்டுக்கு முன் ஒரு மணி நேரம், ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம். எல்லோரும் ஒரே சமயத்தில் குளித்துக் கிளம்ப வேண்டும், கம்பெனி பஸ் காத்திருக்காது. ஒருவருக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த நாள் சம்பளமே போகலாம்.

ஊராட்சியால் ஏன் சமாளிக்க முடியவில்லை?

மூன்று காரணங்கள்.

முதலாவது, அளவுகோல். கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாள சாக்கடை இல்லாத நகரங்களுக்கு 70 லிட்டர், பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு 135 லிட்டர் என்பது கையேட்டின் கணக்கு. ஒரே மாதிரி வாழ்க்கை வாழும் இரண்டு தொழிலாளர்களில் ஒருவர் நகராட்சி எல்லைக்குள் இருக்கிறார், இன்னொருவர் ஊராட்சிக்குள் இருக்கிறார் என்பதற்காகவே அவர்களுக்கான தண்ணீர் அளவு மாறிவிடுகிறது.

இரண்டாவது, தலைக்கணக்கு. ஓர் உதாரணம். 2011ல் 3,000 பேர் இருந்த கிராமத்துக்கு 55 லிட்டர் வீதம் 1.65 லட்சம் லிட்டர் போதும். குழாய், மேல்நிலைத் தொட்டி, மோட்டார் எல்லாமே அந்தக் கணக்கில்தான் அமையும். அங்கே இன்னும் 3,000 பேர் வாடகைக்கு வந்துவிட்டால் தேவை இரட்டிப்பாகும். தண்ணீர் அதேதான். ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை என்று குறையும். ஊர்க்காரர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் குழாயடியில் மனக்கசப்பு வருவதும் இதனால்தான்.

ஜல் ஜீவன் திட்டம் வீடுகளுக்கான குழாய் இணைப்பை எண்ணுகிறது. ஒரு வீட்டில் நாலு பேரா, நாற்பது பேரா என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. ஓர் இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்றால், ஆவணத்தில் அந்த வீட்டுக்குத் தண்ணீர் வந்தாகிவிட்டது.

மூன்றாவது, காசு. மத்திய நிதிக்குழு மானியமும் மாநில நிதிக்குழு மானியமும் ஊராட்சிகளுக்குப் பிரியும்போது மக்கள்தொகை முக்கிய அளவுகோல். 15வது நிதிக்குழு, ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கச் சொன்னது. எண்ணப்படாத ஆட்களுக்கு அதில் பங்கு வராது.

தொழில் வரியிலும் இதே கதைதான். சம்பளத்தில் பிடிக்கப்படும் தொழில் வரி, வேலை செய்யும் நிறுவனம் எந்த உள்ளாட்சிக்குள் இருக்கிறதோ அங்கே போகும். தொழிலாளி பக்கத்து ஊராட்சியில் தங்கினால், அவருக்குத் தண்ணீர் தர வேண்டிய ஊராட்சிக்கு அந்த வரியில் ஒரு ரூபாய்கூட வராது.

சட்டமும் கேட் வரைக்கும்தான் நிற்கிறது. பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், ஆலைக்குள் குடிநீரையும் கழிவறையையும் கட்டாயமாக்கியது. ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது. ஆனால் ஒற்றை அறை வாடகை வீடுகள் அதற்குள் வராது.

லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நிலத்தடியிலிருந்துதான். ஊரோரத்து விவசாயக் கிணற்றிலோ போர்வெல்லிலோ எடுத்து நிரப்பும் தண்ணீர் அது. சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987ல் ஒரு சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்குமாக 2003ல் கொண்டுவரப்பட்ட சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013ல் ரத்து செய்யப்பட்டது. அரசாணைகளின் மூலமே பெரும்பாலும் கட்டுப்பாடு நடக்கிறது.

தரமும் ஒரு கேள்வி. குழாய் நீரில் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. இதைச் சோதிக்கச் சின்ன கிட் போதும், ஓரிரு நிமிட வேலை. லாரியில் வந்து சம்ப்பில் இறங்கும் தண்ணீரை யாரும் அப்படிச் சோதிப்பதில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் டிரம்மில் பிடித்துவைத்தால், அதில் டெங்கு கொசு வளரவும் வாய்ப்பு.

கழிவுநீர் எங்கே போகிறது?

தண்ணீர்ப் பிரச்சனை உடனே கண்ணில் படும். கழிவுநீர்ப் பிரச்சனை கண்ணில் படுவதில்லை.

பெரும்பாலான ஊராட்சிகளில் பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். இது எப்படி வேலை செய்கிறது? கழிவு டேங்கில் தங்கும். திடக்கழிவு அடியில் படியும். மேலே தெளியும் நீர் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடியில் உள்ள கசடை லாரி மூலம் எடுக்க வேண்டும்.

ஐந்து பேர் குடும்பத்துக்காகக் கட்டிய டேங்க் 40 பேருக்குப் பயன்பட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். கழிவு தெளிவதற்கு நேரமே இருக்காது. வாரக்கணக்கில் நிரம்பும். வழிந்து தெருக் கால்வாய்க்கு வரும், அல்லது லாரி கூப்பிட வேண்டும். எடுத்த கழிவைக் கொட்ட பக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் இல்லையென்றால், அது இருட்டில் ஏதோ ஓர் ஓடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டப்படும் ஆபத்து அதிகம்.

இதில் உயிர்களும் போயிருக்கின்றன. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய இறங்கியவரும், காப்பாற்றப் போனவர்களுமாக 6 பேர் விஷவாயு தாக்கி இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் காட்ரம்பாக்கத்தில் உணவு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் டேங்க்கில் 3 பேர். 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தனியார் விடுதியின் டேங்க்கில் 3 பேர். நான்கு ஆண்டுகளுக்குள், ஒரே வட்டாரத்தில் 12 உயிர்கள்.

மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டு, கண்ட இடத்தில் கொட்டினால் முதல்முறை ரூ.25 ஆயிரம், மறுபடி செய்தால் ரூ.50 ஆயிரம் அபராதம் என்ற விதியும் வந்திருக்கிறது. ஆனால் கொட்ட முறையான இடம் பக்கத்தில் இல்லாத வரை, லாரிக்காரருக்கு அபராதம் போடுவதால் மட்டும் தீர்வு வராது. டீசல் செலவு கட்டுப்படியாகும் தூரத்துக்குள் நிலையம் இருக்க வேண்டும்.

இது சென்னைக்கும் ஏன் பிரச்சனை?

ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் வரும். செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனுள்ள குடிநீர் நிலையம் இருக்கிறது. சென்னையின் பல பகுதிகள் அதை நம்பியிருக்கின்றன. ஒரகடம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாறு வழியாக முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளுக்குப் போகிறது.

ஆக, இந்தப் பகுதியில் ஓடையில் கலக்கும் கழிவு, மழைக்காலத்தில் சென்னையின் குடிநீர் ஏரிக்கும் வெள்ளம் வரும் புறநகர்த் தெருக்களுக்கும் போகும். சென்னையின் கழிவுநீர் சுத்தமாகித் தொழிற்சாலைக்கு வருகிறது. தொழிலாளர்களின் கழிவுநீர் சுத்தமாகாமல் சென்னையின் ஏரிப் பக்கம் போகிறது. எவ்வளவு செலவு செய்து குடிநீரைச் சுத்திகரித்தாலும், ஏரிக்கு வருவதைத் தடுப்பதே மலிவான வழி.

வேறு ஊர்கள் எப்படிச் சமாளித்தன?

ஆலந்தூர்: சென்னையை ஒட்டிய நகராட்சியாக இருந்தபோது, 1990களின் இறுதியில், சொந்தமாகப் பாதாள சாக்கடைத் திட்டத்தை எடுத்தது. அப்போதைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி தலைமையில் குடியிருப்போர் சங்கங்களுடன் பேசி, வீட்டுக்கு ரூ.5,000 முன்பணம் வாங்கினார்கள். மீதி கடனும் மானியமும். 2000ல் வேலை தொடங்கி சில ஆண்டுகளில் செயல்பாட்டுக்கு வந்தது. சாக்கடைக்கு மக்கள் காசு தரமாட்டார்கள் என்ற பேச்சை அது மாற்றியது. ஆனால் ஒரு வித்தியாசம்: ஆலந்தூரில் பணம் கட்டியவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள். ஒரகடத்தில் கழிவறையைப் பயன்படுத்துபவர் வாடகைக்கு இருப்பவர். இங்கே வீட்டு உரிமையாளரும் நிறுவனமும்தான் முன்பணத்தைத் தர வேண்டியிருக்கும்.

கருங்குழி: மதுராந்தகம் அருகே உள்ள இந்தப் பேரூராட்சியில்தான் தமிழ்நாட்டின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் 2017ல் வந்தது. திறன் நாளொன்றுக்கு 23 ஆயிரம் லிட்டர் சொச்சம். 5,000 லிட்டர் லாரி என்றால் நாலைந்து லோடு. சின்ன நிலையம்தான். ஆனால் பக்கத்து ஊர்களும் சேர்ந்து பயன்படுத்தும் முறை என்பதால், ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகக் கட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. பாதாள சாக்கடை வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

புனோம் பென்: கம்போடியத் தலைநகரில் 1993ல் உற்பத்தியாகும் தண்ணீரில் 72 சதவீதம் கசிவிலும் திருட்டிலும் போனது. எக் சோன் சான் தலைமையில் குடிநீர் வாரியம் எல்லா இணைப்புக்கும் மீட்டர் போட்டது, கசிவை அடைத்தது, ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தைக் குறைத்துத் தவணையில் வாங்கியது. இழப்பு 6 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

உலக அளவில் 2022 கணக்குப்படி 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை, 350 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான கழிவு அகற்றும் வசதி இல்லை என்கின்றன உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும். நகரமும் இல்லாமல் கிராமமும் இல்லாமல் இருக்கும் இதுபோன்ற புறநகர்களை எந்த அமைப்பின் கீழ் கொண்டுவருவது என்பது வளரும் நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான சிக்கல்.

இங்கே என்ன செய்யலாம்?

1. தூங்கும் இடத்தில் எண்ண வேண்டும். நிறுவனங்களிடம் தொழிலாளர் எண்ணிக்கை இருக்கிறது, பஸ் ஏற்றும் இடங்களின் பட்டியலும் இருக்கிறது. அதை ஊராட்சிகளுடன் பகிர்ந்தாலே எந்த ஊரில் எவ்வளவு பேர் என்று தெரிந்துவிடும்.

2. ஒரே அமைப்பு வேண்டும். தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் ஊராட்சி எல்லை தெரியாது. தொழிற்பேட்டையும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்து ஒரே கூட்டுக் குடிநீர், கழிவுநீர்த் திட்டத்துக்குள் வர வேண்டும். 2022ல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது திட்டமிடலுக்கு எல்லை வந்துவிட்டது. குழாய் இன்னும் அந்த எல்லைக்கு வர வேண்டும்.

3. முதலில் கசடுக் கழிவு நிலையம். பாதாள சாக்கடைக்குப் பல ஆண்டுகள் ஆகும், தெருவெல்லாம் தோண்ட வேண்டும். அதற்கு முன் லாரிகள் கொட்ட ஓர் இடம், கால அட்டவணைப்படி டேங்க் காலி செய்யும் முறை, இயந்திரம் மட்டும் இறங்கும் ஏற்பாடு ஆகியவற்றைச் சீக்கிரமே கொண்டுவரலாம்.

4. உள்ளூர்க் கழிவுநீரையும் தொழிற்சாலைக்கே கொடுக்கலாம். மறுசுழற்சி நீரை வாங்கிப் பழகிய நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன. கோயம்பேட்டிலிருந்து கொண்டுவருவதுடன், வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் கிடைப்பதையும் சேர்க்கலாம். சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து சேகரிப்பது செலவு பிடிக்கும் என்பது உண்மை. எனவே பெரிய விடுதிகள் அடர்ந்திருக்கும் இடங்களில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

செலவு யார் தலையில்?

வரி கட்டுகிறோம், ஊருக்குத் தண்ணீர் தருவது அரசின் வேலை என்பது நிறுவனங்களின் தரப்பில் சொல்லக்கூடிய நியாயம். எங்கள் ஊருக்கான நிதியில் வெளியூர் ஆட்களுக்கும் எப்படித் தருவது என்பது ஊராட்சியின் நியாயம். வாடகையை ஏற்றினால் ஆள் வரமாட்டார் என்பது வீட்டு உரிமையாளரின் கணக்கு. மூன்றும் சேர்ந்து கடைசியில் செலவு தொழிலாளியிடம் வந்து நிற்கிறது. வாடகைக்கு மேல் கேன் தண்ணிக்கும், சில இடங்களில் லாரிக்கும், டேங்க் காலி செய்யவும் அவரே பங்கு போடுகிறார்.

தொழில் வரியில் ஒரு பகுதியைத் தொழிலாளி தங்கும் ஊராட்சிக்குத் திருப்புவது, விடுதிகளாக மாறிய வீடுகளுக்கு அதற்கேற்ற குடிநீர்க் கட்டணம் வாங்கி முறையான இணைப்பு தருவது, தொழிற்பேட்டையின் பராமரிப்புக் கட்டணத்தில் சுற்றியுள்ள ஊர்களுக்கும் பங்கு வைப்பது ஆகிய மூன்றும் யோசிக்க வேண்டிய வழிகள். எதுவுமே இலவசத் திட்டம் இல்லை. இப்போது லாரிக்குப் போகும் பணத்தைக் குழாய்க்குத் திருப்புவதுதான்.

அடுத்து என்ன?

2011க்குப் பிறகு நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்களை எண்ணும் பணி 2027 பிப்ரவரியில். விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் இருப்பவர்கள் ஊரில் உள்ள வீட்டில் பெயர் கொடுத்துவிட்டு இங்கே விடுபட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்கும் இந்த ஊர்களுக்கு பழைய கணக்குப்படிதான் தண்ணீரும் நிதியும் வரும். கணக்கெடுப்பாளர் பகலில் கதவைத் தட்டும்போது ஒரு ஷிஃப்ட் ஆலையில் இருக்கும், இன்னொரு ஷிஃப்ட் தூங்கிக்கொண்டிருக்கும். இவர்களை விடாமல் எண்ணத் தனி ஏற்பாடு செய்கிறார்களா என்பதை இப்போதிருந்தே கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, புதிய ஸ்ரீபெரும்புதூர் நகராட்சியின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்கள் நகராட்சி எல்லையோடு நின்றுவிடுமா, சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்துக்கொள்ளுமா என்பது.

தெரிந்துகொள்ளுங்கள்: செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய அங்கீகாரம் பெற்ற வாகனத்தைக் கேட்க, அல்லது மனிதரை இறக்குவது பற்றிப் புகார் சொல்ல உதவி எண் 14420. குடிநீர் வராதது, கழிவுநீர் லாரி ஏரியில் கொட்டுவது போன்ற புகார்களை முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் தெரிவிக்கலாம். வாடகைக்கு இருப்பவரும் புகார் தரலாம், சொந்த வீடு இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.